கட்டைவிரல் பேசுகிறது!

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பெஞ்சின் விளிம்பில் முழங்கையை இடித்துக்கொண்டு, “ஐயோ, கரண்ட் அடித்ததுபோல் இருக்கிறதே!” என்று கையை உதறாதவர் நம்மில் யாராவது உண்டா? சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று ஓடும் அந்த வலியைக் கண்டு பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். சற்று நேரத்தில் நாமும் சேர்ந்து சிரித்து அதை மறந்துவிடுவோம். ஆனால் அங்கே அடிபட்டது எலும்பு அன்று; ஒரு நரம்பு. முழங்கையின் உட்புறமாக இறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழையும் அதற்கு அல்நார் நரம்பு என்று பெயர். ஆபரேஷன் மேசைமேல் பேச்சுமூச்சின்றிக் கிடக்கும் நோயாளியின் சார்பாக டாக்டரிடம் பேசுவது இந்த நரம்புதான் என்றால் வியப்பாக இல்லையா? அது எப்படிப் பேசுகிறது, அதை ஏன் கேட்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தெளிய வேண்டியவை இரண்டு

நம் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் நாம் என்ன செய்கிறோம்? தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்து செபமாலை சொல்கிறோம். கதவு திறந்ததும் நர்ஸிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, “மயக்கம் தெளிந்துவிட்டதா?” என்பதே. ஆனால் அங்கே தெளிய வேண்டியது ஒன்றன்று, இரண்டு.

பெரிய ஆபரேஷன்களில் பெரும்பாலும் மூன்று வகை மருந்துகள் தருகிறார்கள். ஒன்று உறக்கம் தருகிறது. மற்றொன்று வலியை அடக்குகிறது. மூன்றாவது தசைகளைத் தளர்த்துகிறது. தசை ஏன் தளர வேண்டும்? வயிற்றைத் திறக்கும்போது வயிற்றுத் தசை பலகைபோல் இறுகிக்கொண்டால் சர்ஜன் கையை நகர்த்தவே முடியாது. மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்த வேண்டுமானால் தொண்டைத் தசைகளும் இளகியிருக்க வேண்டும்.

ஆனால் வயிற்றுத் தசை எது, மூச்சுத் தசை எது என்று மருந்துக்குத் தெரியாது. நம் விருப்பப்படி அசையும் எல்லாத் தசைகளையும் அது தளர்த்திவிடுகிறது. நாம் மூச்சு விட உதவும் உதரவிதானமும் அசையாமல் நின்றுவிடுகிறது. இதயம் வேறு வகைத் தசையால் ஆனது. அது மட்டும் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவு நேரமும் நோயாளிக்கு மூச்சைத் தருவது செயற்கைச் சுவாசக் கருவியும், அதன் பக்கத்தில் கண்ணிமைக்காமல் நிற்கும் மயக்க மருந்து டாக்டரும்தாம்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். உறக்க மருந்து தெளிந்து, தசை மருந்து தெளியாமல் இருந்தால் என்ன ஆகும்? நோயாளிக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், ஆனால் இமையைத் தூக்க முடியாது, விரலை அசைக்க முடியாது, “எனக்கு மூச்சு முட்டுகிறது” என்று சொல்லவும் முடியாது. இப்படி நேர்வது அரிது. பாதி தெளிந்து, பாதி தெளியாத நிலையோ அவ்வளவு அரிதன்று. அந்த நிலையில் மூச்சு ஆழமாக வராது. விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாததால் எச்சிலோ வயிற்று நீரோ நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

தாம்பரத்துப் பிள்ளைகளான நமக்கு மூச்சின் அருமையை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு ரயில் நிலையத்துக்கே ‘சானடோரியம்’ என்று பெயர்! காசநோயாளிகளுக்கு நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் தருவதற்காக டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ஆம் ஆண்டு இங்கே நிறுவிய சானடோரியம்தான், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நிற்கிறது. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் நடத்திவந்த சானடோரியத்தில் 1917-இல் நம் கணித மேதை இராமானுஜனும் தங்கிச் சிகிச்சை பெற்றார். ஒரு மூச்சுக்காக மனிதர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைப் பல தலைமுறைகளாகக் கண்ட ஊர் நம்முடையது.

அம்பு நஞ்சு மருந்தான கதை

தசையைத் தளர்த்தும் மருந்து பிறந்த கதை சுவையானது. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் பழங்குடி மக்கள் ‘குராரே’ என்ற நஞ்சை அம்பு முனையில் தடவி வேட்டையாடினார்கள். அம்பு பட்ட விலங்கு துள்ளாமல் துடிக்காமல் அப்படியே சாய்ந்துவிடும். அந்த இறைச்சியை உண்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஏனென்றால் குராரே வயிற்றுக்குள் போனால் இரத்தத்தில் எளிதில் கலப்பதில்லை. குராரே எடுக்கும் கொடிகளுள் ஒன்று, நம் நாட்டு எட்டி மரத்துக்கும், கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்க நம் பாட்டிமார்கள் பானையில் உரைத்த தேற்றான்கொட்டை மரத்துக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவு!

1814-ஆம் ஆண்டு சார்ல்ஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயரின் முன்னிலையில் ஒரு பெண் கழுதைக்குக் குராரே செலுத்தப்பட்டது. கழுதை செத்ததுபோல் விழுந்தது. உடனே அதன் மூச்சுக்குழாயில் துருத்தியை வைத்துக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். சில மணி நேரத்தில் கழுதை எழுந்து நின்றது! குராரே உயிரை நேராகப் பறிப்பதில்லை, மூச்சை மட்டுமே நிறுத்துகிறது என்பதை இச்சோதனை காட்டியது. பின்னர் பிரான்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்டு தவளைகளை வைத்துச் செய்த சோதனைகளால், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் இந்நஞ்சு வேலை செய்கிறது என்று விளங்கியது. 1942-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹரோல்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் ஆகிய இரு டாக்டர்கள் ஆபரேஷனின்போது குராரேயை மருந்தாகப் பயன்படுத்தி வெற்றி கண்டார்கள். இன்று அதன் வழித்தோன்றல்களாக அட்ராகியூரியம், வெக்குரோனியம், ராக்குரோனியம் முதலிய மருந்துகள் புழக்கத்தில் உள்ளன.

பூட்டும் சாவியும்

நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக மிக நுண்ணிய இடைவெளி உண்டு. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் தெளிக்கிறது. அது சாவி, தசையின் மேலுள்ள ஏற்பிகள் பூட்டுகள். சாவி பூட்டில் பொருந்தினால் தசை சுருங்கும். வேலை முடிந்த சாவியை ஒரு நொதி உடனே உடைத்துவிடும். குராரே வகை மருந்துகள் போலிச் சாவிகள். பூட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், ஆனால் திறக்காது.

நம் பக்கத்தில் இதே வேலையைச் செய்யும் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் நல்லபாம்பு! மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சுற்றுலா போனால், விஷமுறிவு மருந்து செய்வதற்காகப் பாம்பின் நஞ்சை எடுப்பதைக் காணலாம். நல்லபாம்பின் நஞ்சும் தசையின் அதே பூட்டைத்தான் அடைக்கிறது. கடிபட்டவரின் இமை முதலில் தொங்குவதும், பிறகு மூச்சு திணறுவதும் இதனால்தான்.

பூட்டு ஒன்றே ஆனதால் மருந்தும் ஒன்றாகிறது. நியோஸ்டிக்மின் என்ற மருந்து, சாவியை உடைக்கும் நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. சாவிகள் பெருகிப் போலிச் சாவிகளைத் தள்ளிவிடுகின்றன. ஆபரேஷன் முடிந்ததும் தசையை மீட்க டாக்டர்கள் கொடுப்பது இதைத்தான். நல்லபாம்புக் கடிக்கும் விஷமுறிவு மருந்தோடு துணையாக இதைக் கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 2008-இல் அனுமதி பெற்ற சுகாமடெக்ஸ் என்ற புதிய மருந்தின் வழி வேறு. அது ராக்குரோனியம், வெக்குரோனியம் என்னும் போலிச் சாவிகளைத் தன் வளையத்துக்குள் விழுங்கிக்கொள்கிறது.

சரி, மீட்கும் மருந்தை எப்போது கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? கொடுத்தபின் முழுதும் மீண்டாயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நம் முழங்கை நரம்பு வருகிறது.

நான்கு பெட்டி ரயில்

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே வைத்து, கட்டைவிரலை மடக்காமல் இறுக்கிப் பிடியுங்கள். தோழியை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமல் பிடித்திருப்பது, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் தசை. அதை ஆளுவது அல்நார் நரம்பு.

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, இரண்டு சிறு ஒட்டுமுனைகளை ஒட்டுகிறார்கள். அவற்றின் வழியாகச் சிறு கருவியிலிருந்து நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் மின்துடிப்பை அனுப்புகிறார்கள். முழங்கை இடிபட்டபோது நடந்ததைப் போலவே நரம்பு விழித்துக்கொள்கிறது. கட்டைவிரல் உள்நோக்கித் துள்ளுகிறது. (வீட்டில் பாட்டரியை வைத்து யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம்!)

ஒரு துடிப்பு மட்டும் போதாது. அரை நொடி இடைவெளியில் நான்கு துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்புகிறார்கள். 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் அலி, அட்டிங், கிரே என்ற மூவர் உருவாக்கிய முறை இது. இதன் பெயர் ‘டிரெயின் ஆஃப் ஃபோர்’. இங்கே டிரெயின் என்றால் வரிசை என்றே பொருள். ஆனாலும் பீச் – தாம்பரம் ரயில் சத்தத்தில் வளர்ந்த நாம் இதை நான்கு பெட்டி ரயில் என்றே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மருந்து இல்லாதபோது நான்கு துள்ளலும் ஒரே உயரம். மருந்து ஏற ஏற நான்காவது துள்ளல் குறுகும், பிறகு மறையும். அதன்பின் மூன்றாவது, இரண்டாவது, கடைசியாக முதலாவது. தெளியும்போது முதல் பெட்டி முதலில் வரும், மற்றவை பின்னால் வரும். ஏன் நான்காவது முதலில் சோர்கிறது? வேகமாக வரும் அழைப்புகளுக்கு ஈடுகொடுக்க நரம்பின் முனை சாவிகளை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். மருந்து அந்த நிரப்பும் வேலையையும் கெடுப்பதால், ஒவ்வொரு முறையும் சாவிகள் குறைந்துகொண்டே போகின்றன.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. பூட்டுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அடைபட்ட பிறகுதான் நான்காவது துள்ளல் மறைகிறது. அவ்வளவு தாராளமாக இறைவன் நமக்குப் பூட்டுகளைத் தந்திருக்கிறார். ஆனால் அந்தத் தாராளமே ஏமாற்றவும் செய்கிறது. தசை நன்றாக அசைவதுபோல் தோன்றும், கையிருப்போ கரைந்துபோயிருக்கும்.

நான்காவது துள்ளலை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது தெளிவின் அளவு. முதலாவது 10 என்றும் நான்காவது 5 என்றும் வைத்துக்கொண்டால் விடை 0.5. முன்பு 0.7 வந்தால் போதும் என்று எண்ணினார்கள். தொண்டைத் தசைகள் அந்த அளவில் சரியாக வேலை செய்வதில்லை என்று பின்னர் தெரிந்ததால், 0.9 ஆவது வேண்டும் என்பது இன்றைய விதி. மூச்சுத் தசையான உதரவிதானம் கட்டைவிரலுக்கு முன்பே தெளிந்துவிடும். ஆகவே தாமதமாகத் தெளியும் கட்டைவிரலைக் கேட்பதே பத்திரமானது.

தோமையாரின் விரல்

தியேட்டரில் எளிதாக எடுத்துச் செல்லக்கூடிய நரம்புத் தூண்டுகருவியைப் பற்றி 1958-இல் கிறிஸ்டி, சர்ச்சில்-டேவிட்சன் என்ற இருவர் எழுதினார்கள். அவர்கள் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? இலண்டனிலுள்ள புனித தோமையார் ஆஸ்பத்திரி! கருவிக்கும் அந்தப் பெயரே வந்தது. நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் பரங்கிமலையில் வேதசாட்சியாக உயிர்விட்டார் என்று மரபு கூறும் அதே அப்போஸ்தலரின் பெயரைத் தாங்கியது அந்த ஆஸ்பத்திரி.

இது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் எங்களுக்கு இந்தப் பெயர் மிகவும் பொருத்தமாகப்பட்டது. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொள்ளாமல், காயங்களில் விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றவர் தோமையார். அவரைச் ‘சந்தேகத் தோமா’ என்று நாம் கேலி செய்கிறோம். நோயாளியின் மூச்சு நம் கையில் இருக்கும்போது சந்தேகப்படுவது குற்றமா?

குற்றமில்லை என்கின்றன ஆராய்ச்சிகள். 2003-இல் பிரான்சு நாட்டு டாக்டர்கள் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். ஆபரேஷனின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை தசை மருந்து பெற்று, மீட்கும் மருந்து பெறாத நோயாளிகளை ஆபரேஷன் முடிந்தபின் அளந்து பார்த்தார்கள். மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தவர்களில்கூட 100-க்கு 37 பேருக்கு அளவு 0.9-ஐ எட்டவில்லை! “நேரம் ஆகிவிட்டது, தெளிந்திருக்கும்” என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப்போனது.

தொட்டுப் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது என்று டென்மார்க்கின் வீபி-மோகன்சன் குழுவினர் 1985-இல் காட்டினார்கள். அளவு 0.4-ஐத் தாண்டிவிட்டால், பழுத்த அனுபவமுள்ள டாக்டரின் கண்ணுக்கும் கைக்கும்கூட நான்கு துள்ளல்களும் ஒன்றுபோலவே தோன்றும். 0.4 எங்கே, 0.9 எங்கே! “தலையைத் தூக்குங்கள்” என்று சொல்லி ஐந்து நொடி எண்ணும் பழைய சோதனையிலும், பாதியே தெளிந்த சிலர் தேறிவிடுகிறார்கள்.

ஆகவே இன்று கட்டைவிரலில் ஓர் உணர்வுக்கருவியைக் கட்டி, துள்ளலின் முடுக்கத்தை எண்ணாக அளக்கிறார்கள். கைபேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்குள் இருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்த கருவிதான். 2023-இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கமும், ஐரோப்பியச் சங்கமும் கண்ணாலும் கையாலும் மதிப்பிடுவது போதாது, எண்ணால் அளக்க வேண்டும் என்று அறிவுறுத்தின. தோமையார் தொட்டுப் பார்க்க விரும்பினார். இன்றைய டாக்டர் தொட்டபின் அளந்தும் பார்க்க வேண்டும்!

கோவையில் கண்ட உண்மை

சக்சினைல்கோலின் என்று ஒரு மருந்து உண்டு. அவசரமாகக் குழாய் செலுத்த வேண்டிய நேரத்தில் உதவுவது. அது நொடிகளில் வேலை செய்து, பத்து நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். ஏனென்றால் இரத்தத்திலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாதவர்களுக்கு மட்டும் அந்தப் பத்து நிமிடம் பல மணி நேரமாக நீண்டுவிடும்.

ஐரோப்பிய மக்களிடையே இந்த நொதி அறவே இல்லாதவர் லட்சத்தில் ஒருவர்தாம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனோகரன், பூபதி ஆகியோர் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோவையில் வாழும் வைசியச் சமூகத்தினர் 226 பேரைச் சோதித்ததில் 9 பேருக்கு இக்குறை இருந்தது. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் செய்யும் எந்தக் கூட்டத்திலும் ஏதேனும் ஒரு மரபுக்கூறு இப்படித் தங்கிவிடக்கூடும். இவர்கள் அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் இல்லாமல், நம்மைப் போலவே படித்து, ஓடி, விளையாடி வாழ்கிறார்கள். அந்த ஒரு மருந்து உடம்பில் ஏறும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

அப்படி ஒருவர் ஆபரேஷன் முடிந்தும் மூச்சு விடாமல் கிடந்தால், காரணம் உறக்க மருந்தா, தசை மருந்தா? கட்டைவிரலைக் கேட்டால் விடை கிடைக்கும். துள்ளல் இல்லையென்றால் தசைதான் தெளியவில்லை. அப்போது செய்ய வேண்டியது எளிது: பதறாமல், நோயாளியை உறக்கத்திலேயே வைத்து, மருந்து தானாகத் தெளியும் வரை கருவியால் மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. வாட்டர்டனின் கழுதைக்குத் துருத்தி செய்த உதவி அதுதானே! கேளாமல் விட்டாலோ, விழித்த மனம் அசையாத உடம்புக்குள் சிறைப்பட்டிருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

இதெல்லாம் டாக்டர்களின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து கேள்விகள் கேட்பார். “உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொல்லை வந்ததுண்டா? மூச்சு திரும்ப நேரம் ஆனதுண்டா?” என்று அவர் கேட்டால், ஆச்சியிடமும் சித்தப்பாவிடமும் விசாரித்து உண்மையைச் சொல்வோம். அப்படி நேர்ந்திருந்தால் அதை ஒரு சீட்டில் எழுதி மருத்துவக் குறிப்புகளோடு வைத்துக்கொள்வோம், உடன்பிறந்தோருக்கும் தெரிவிப்போம். எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காதிருப்போம். மணிக்கட்டில் ஒட்டுமுனை ஒட்டுவதற்காக அம்மாவின் வளையலைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் கழற்றித் தருவோம்.

அடுத்த முறை தியேட்டர் வாசலில் காத்திருக்க நேர்ந்தால், உள்ளே வெட்டித் தைக்கும் சர்ஜனுக்காக மட்டுமன்றி, தலைமாட்டில் நின்று ஒரு கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கும் மற்றொரு டாக்டருக்காகவும் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்வோம். “நன்றாகத்தான் இருப்பார்” என்று எண்ணிக் குழாயை எடுத்துவிட்டுப் போவது அவருக்கு எளிது. “தெளிந்தாரா என்று இன்னும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்” என்று நிற்பதுதான் அன்பு. தோமையாரின் சந்தேகம் முழங்காலிட்ட விசுவாசத்தில் முடிந்தது. நல்ல டாக்டரின் சந்தேகம், நோயாளி தானாக இழுக்கும் முதல் மூச்சில் முடிகிறது.

நம் பள்ளியிலிருந்தும் நாளை டாக்டர்களும் செவிலியரும் செல்வார்கள். அவர்களுள் ஒருத்தி அந்தத் தலைமாட்டில் நிற்கும்போது, பெஞ்சில் இடித்துக்கொண்ட முழங்கையையும் இந்தக் கட்டைவிரலையும் நினைத்துக்கொள்வாளாக!